கைக்கு வந்த இடத்தை விட்டுப் போனவர்கள்: 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டின் முதல் கலந்தாய்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

2020 நவம்பர் 18 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென ஒதுக்கப்பட்ட 7.5 விழுக்காடு இடங்களுக்கு முதன்முறையாகக் கலந்தாய்வு தொடங்கியது. மூன்று நாட்கள் நடந்தது. தரவரிசைப்படி அழைக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் சுயநிதிக் கல்லூரியில் இடம் இருந்தும் எடுக்காமல் ஊர் திரும்பினார்கள். அங்கே எம்.பி.பி.எஸ். படிக்க ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அவர்கள் குடும்பங்களில் அவ்வளவு பணம் இல்லை, கடன் கொடுப்பாரும் இல்லை. நான்காம் நாள், நவம்பர் 21 அன்று, அந்தக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது.

ஒரு சலுகையை நல்ல நோக்கத்தோடு சட்டமாக்கி, அதைச் செயலாக்கும் வரிசையில் ஒரு படியைத் தவறவிட்டால் யார் தலையில் போய் விழுகிறது என்பதற்கு இந்த மூன்று நாட்களே சான்று. ஒதுக்கீட்டை வகுப்பவர்களும் கலந்தாய்வு நடத்துபவர்களும், மாணவரைக் கலந்தாய்வுக்கு அழைத்துப் போகும் தலைமையாசிரியர்களும் இதைப் படிப்படியாகப் பார்ப்பது பயன் தரும். இங்கே எந்த மாணவரின் பெயரும் இல்லை.

பின்னணி

தமிழ்நாடு 2007 முதல் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வைக் கைவிட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மருத்துவ இடங்களை நிரப்பி வந்தது. 2016இல் நீட் தேர்விலிருந்து ஓராண்டு விலக்கு கிடைத்தது. 2017இல் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நீட் தரவரிசைப்படியே சேர்க்கை நடத்தச் சொல்லிவிட்டது.

அதற்கு முன்பும் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்கள் அதிகம் இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. மதிப்பெண் காலத்தில் நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தி இடங்களை அள்ளின. நீட் வந்ததும் அந்த வேலை பயிற்சி மையங்களுக்குப் போனது. நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு, 2020-21இல் சேர்ந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஒருமுறைக்கு மேல் தேர்வெழுதியவர்கள் என்று கண்டது. ஓராண்டோ இரண்டாண்டோ வீட்டில் உட்கார்ந்து, பயிற்சி மையத்துக்குப் பணமும் கட்டிப் படிக்க முடிந்தவர்கள் என்று அதற்குப் பொருள்.

2019-20 சேர்க்கையில் அரசுப் பள்ளியில் படித்த 6 பேருக்கு மட்டுமே எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது. பிளஸ் டூ படிப்பவர்களில் சுமார் 41 விழுக்காட்டினர் அரசுப் பள்ளிகளில் இருந்தார்கள். ஏறக்குறைய நாலாயிரம் இடங்களில் ஆறு என்பது 0.15 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துத்தான் அரசு சட்டத்துக்கு நியாயம் சொன்னது.

2020 மார்ச்சில் ஓய்வு பெற்ற நீதிபதி பி. கலையரசன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. குழு 10 விழுக்காடு பரிந்துரைத்தது, அரசு 7.5 விழுக்காட்டை ஏற்றது. செப்டம்பர் 15 அன்று சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஆளுநரின் ஒப்புதல் ஆறு வாரத்துக்கு மேல் வரவில்லை. அதற்குள் நீட் முடிவுகள் அக்டோபர் 16 அன்று வந்துவிட்டன. சட்டம் இல்லாமலே கலந்தாய்வு தொடங்கிவிடுமோ என்ற நிலையில், மாநில அரசின் நிர்வாக அதிகாரத்தைச் சொல்லும் அரசமைப்பின் 162ஆம் பிரிவின்கீழ் அக்டோபர் 29 அன்று அரசாணை பிறந்தது. மறுநாளே ஒப்புதலும் கிடைத்தது.

அக்டோபர் 30இலிருந்து நவம்பர் 18 வரை 19 நாட்கள்தான். அதற்குள் விதிகளை வகுத்து, விண்ணப்பம் பெற்று, சான்றிதழ் சரிபார்த்து, தனித் தரவரிசை வெளியிட்டு, இடப் பட்டியலும் தயாரிக்க வேண்டியிருந்தது. கட்டணத்தை யார் கட்டுவது என்ற கேள்வி இந்த நெருக்கடியில்தான் விடுபட்டது என்பது எங்கள் மதிப்பீடு. ஆனால் செப்டம்பர் 15க்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இடப் பட்டியலில் சுயநிதிக் கல்லூரிகளும் வரும் என்பது மசோதாவை எழுதும்போதே தெரிந்ததுதான்.

ஒதுக்கீடு கட்டப்பட்ட விதம்

சட்டத்தின்படி தகுதி இரண்டு வகை. 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் ஒரு வகை. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் 8ஆம் வகுப்பு வரை படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் மறு வகை. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு போன்ற பள்ளிகள் எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளிகள் சேரா. நீட் தேர்வில் தகுதி மதிப்பெண் கட்டாயம். 2020இல் 720க்குப் பொதுப் பிரிவினர் 147, பிற்படுத்தப்பட்டோரும் பட்டியல் வகுப்பினரும் 113 பெற்றிருக்க வேண்டும்.

அப்போது பலரும் குழம்பிய இடம் ஒன்று உண்டு. இந்த 7.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் சாதிவாரியாக உள்ள 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கு மேலே வைத்த புதிய அடுக்கு இல்லை. 69 விழுக்காடு செங்குத்தாக நிற்பது; இது அதன் குறுக்கே கிடைமட்டமாகப் போவது. அதாவது 7.5 விழுக்காடாகப் பிரித்தெடுத்த இடங்களுக்குள்ளும் பொதுப் போட்டி 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட இஸ்லாமியர் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 20, பட்டியல் சாதியினர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1 என்ற அதே விகிதம் பொருந்தும். எந்தச் சாதியின் பங்கும் இதனால் குறையவில்லை. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒரு பங்கு உறுதியானது, அவ்வளவே. சட்டமும் இதை ‘முன்னுரிமை’ என்றே சொல்கிறது. ‘உள் ஒதுக்கீடு’ என்பது பத்திரிகை வழக்கு.

முதல் ஆண்டில் கிடைத்தவை 405 இடங்கள். எம்.பி.பி.எஸ். 313, பி.டி.எஸ். 92. எம்.பி.பி.எஸ்.ஸில் அரசுக் கல்லூரிகளில் 227, சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் 86. பல் மருத்துவத்தில் அரசுக் கல்லூரியில் 12, சுயநிதிக் கல்லூரிகளில் 80. கூட்டிப் பார்த்தால் 405இல் 166 சுயநிதியில் இருந்தன. ஐந்தில் இரண்டு பங்கு. இந்த விகிதத்தை யாராவது கலந்தாய்வுக்கு முன்பே உரக்கச் சொல்லியிருந்தால், அடுத்து நடந்ததைத் தவிர்த்திருக்கலாம்.

மூன்று நாட்களில் காணப்பட்டவை

கலந்தாய்வு நடக்கும் முறை எளிது. தரவரிசை எண்ணைக் கூப்பிடுவார்கள். மாணவரும் உடன் வந்தவரும் உள்ளே போவார்கள். பெரிய திரையில் கல்லூரிவாரியாக, பிரிவுவாரியாக மீதமிருக்கும் இடங்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றைச் சொன்னால் அந்த எண்ணிக்கையில் ஒன்று குறையும். ஒதுக்கீட்டு ஆணை அச்சாகிக் கைக்கு வரும். அடுத்த எண்ணைக் கூப்பிடுவார்கள். ஒருவர் முடிவெடுக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

மேல் வரிசையில் இருந்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. அவர்கள் அரசுக் கல்லூரியைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு பிரிவில் அரசுக் கல்லூரி இடங்கள் தீர்ந்த கணத்தில்தான் நிலைமை மாறியது. அந்த எல்லைக்கோட்டில் நின்ற இரண்டு பேரை எண்ணிப் பாருங்கள். ஒரே பிரிவு, அடுத்தடுத்த தரவரிசை, நீட் மதிப்பெண்ணில் ஒன்றிரண்டு வித்தியாசம். முன்னவர் அரசுக் கல்லூரிக்கு ஆண்டுக்கு 13,610 ரூபாய் கட்டுவார். பின்னவர் சுமார் 4 லட்சம் கட்ட வேண்டும். ஒரு மதிப்பெண் இடைவெளிக்கு ஏறத்தாழ 29 மடங்கு விலை. வசதியான குடும்பத்துக்கு இது வருத்தம் தரும் செலவு. இந்த ஒதுக்கீடு யாருக்காகக் கொண்டுவரப்பட்டதோ அவர்களுக்கு இது கதவடைப்பு.

2020-21இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 256 ரூபாய். நூறு நாளும் முழுதாக வேலை கிடைத்து, முழுக் கூலியும் வந்தால் ஆண்டுக்கு 25,600. முதலாண்டுக் கட்டணத்துக்கு மட்டும் 1,562 நாள் கூலி வேண்டும். நான்கரை ஆண்டுப் படிப்புக்குக் கல்விக் கட்டணமே 18 லட்சம் ஆகிறது. விடுதி, சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து எல்லாம் தனி. அதுவும் கொரோனா ஊரடங்கில் பல மாதம் வேலையில்லாமல் இருந்த ஆண்டு.

வங்கிக் கடன் வாங்கலாமே என்று அப்போது சொன்னவர்கள் உண்டு. வங்கிகளின் அன்றைய பொதுவான கல்விக் கடன் முறையில் 4 லட்சம் வரைதான் ஈடோ ஜாமீனோ இல்லாமல் கிடைத்தது. அதற்கு மேல் 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன் கேட்டார்கள். அதையும் தாண்டினால் சொத்துப் பத்திரம். 18 லட்சத்துக்குப் பத்திரம் வைக்கக்கூடிய வீடு என்றால், அந்தப் பிள்ளை பெரும்பாலும் இந்தப் பட்டியலில் இருந்திருக்காது. அப்படியே கிடைத்தாலும் கடன் ஒப்புதலுக்கு வாரக்கணக்கில் ஆகும். திரைக்கு முன்னால் இருப்பது சில நிமிடம்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 2012இன் அரசாணை 92 ஏற்கெனவே இருந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு நிர்ணயித்த கட்டணத்தை அரசு கொடுத்துவிடும். தாளில் பார்த்தால் அவர்களுக்குத் தடையே இருந்திருக்கக் கூடாது. ஆனால் உதவித்தொகை கல்வியாண்டின் பிற்பகுதியில்தான் வந்து சேரும். ‘முதலில் கட்டுங்கள், பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம்’ என்று கல்லூரி அலுவலகத்தில் சொன்னால், அரசாணையைக் காட்டி வாதாடும் துணிவு முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் குடும்பத்துக்கு எங்கிருந்து வரும்? பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கோ இவ்வளவு பெரிய தொகையை ஈடுகட்டும் ஏற்பாடே அப்போது இல்லை.

ஆகவே மூன்று விதமாக முடிவெடுத்தார்கள். கடன் உடன் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று நம்பி இடத்தை எடுத்தார்கள் சிலர். பின்னால் அரசுக் கல்லூரியில் யாராவது விட்டுப்போகும் இடம் வரட்டும் என்று காத்திருந்தார்கள் சிலர். மற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பதிவேட்டில் இந்தக் கடைசி வகை ‘இடம் வழங்கப்பட்டது, மாணவர் ஏற்கவில்லை’ என்று ஆகிறது. இந்த ஆய்வில் எங்களை மிகவும் உறுத்துவது இந்த ஒரு வரிதான். ஏற்க முடியாதவரை ஏற்க மறுத்தவர் என்று எழுதிவிட்டால், பறிபோன இடத்துக்கு மாணவரே பொறுப்பாகிவிடுகிறார். அவர் விட்ட இடம் தரவரிசையில் கீழே இருக்கும் இன்னொருவருக்குப் போகிறது. அதை எடுப்பவர் அவரைவிடச் சற்றே வசதியானவராக இருப்பார். ஒதுக்கீட்டுக்குள்ளேயே பணம் ஒரு வடிகட்டியாக வேலை செய்தது. அதைக் கலந்தாய்வுக் கூடத்தில் இருந்த எவரும் வேண்டுமென்று செய்யவில்லை.

எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

மாணவர்கள் இடத்தை விட்டுப் போகும் செய்தி தொலைக்காட்சிகளில் ஓடத் தொடங்கியதும் அழுத்தம் கூடியது. எதிர்க்கட்சியாக இருந்த திமுக, அந்த மாணவர்களின் கட்டணத்தைத் தான் ஏற்பதாக அறிவித்தது. நவம்பர் 21 அன்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி அரசின் முடிவை வெளியிட்டார். கல்வி உதவித்தொகை வரும்வரை காத்திராமல், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தில் ஒரு சுழல் நிதி உருவாக்கி, கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் நேரடியாகக் கல்லூரிக்கே செலுத்துவது என்பது அந்த முடிவு.

இந்த ஏற்பாட்டில் சுழல் நிதி என்ற சொல்தான் முக்கியம். உதவித்தொகைத் திட்டங்கள் ஏற்கெனவே இருந்தன. குறை இருந்தது பணம் வரும் நேரத்தில். கல்லூரி கேட்கும் நாளுக்கும் அரசுப் பணம் வரும் நாளுக்கும் இடையே உள்ள பல மாத இடைவெளியை மாணவரின் குடும்பம் சுமக்க வேண்டியிருந்தது. சுழல் நிதி அந்த இடைவெளியை அரசின் பக்கம் மாற்றியது. முதலில் நிதியிலிருந்து கல்லூரிக்குப் போகும். பிறகு உதவித்தொகை வந்து நிதியை நிரப்பும். மாணவர் கையைத் தொடாமலே பணம் நகரும்.

செலவையும் பார்ப்போம். சுயநிதி எம்.பி.பி.எஸ். இடங்கள் 86, தலைக்கு 4 லட்சம் என்றால் 3.44 கோடி. சுயநிதி பி.டி.எஸ். இடங்கள் 80, தலைக்கு 2.5 லட்சம் என்றால் 2 கோடி. விடுதி நீங்கலாக முதல் தொகுதிக்கு ஆண்டுக்கு ஐந்தரைக் கோடி ரூபாய் அளவில் வரும். ஐந்து தொகுதிகள் ஒரே நேரத்தில் படிக்கும்போதும் முப்பது கோடிக்குள் அடங்கும். மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஆண்டுக்கு 15,000 கோடிக்கு மேல் ஒதுக்கும் மாநிலத்துக்கு இது தடையாக நிற்கும் தொகை இல்லை. பணம் இல்லாததால் தாமதமான முடிவு என்று யாரும் சொல்ல முடியாது. கேட்க வேண்டிய நாளில் கேள்வி மேசைக்கு வரவில்லை.

அறிவிப்பு சரியானது. ஆனால் 18, 19, 20 தேதிகளில் ‘வேண்டாம்’ என்று சொன்னவர்களுக்கு அது தானாகப் பின்னோக்கிப் பாயவில்லை. அவர்களில் சிலர் மறுவாய்ப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள்.

இங்கே இருக்கும் அறச் சிக்கல் உண்மையானது. ஒரு வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அவர்கள் விட்ட இடத்தை எடுத்தவர்களும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள்தான். அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை, விதிப்படி எடுத்தார்கள். அவர்களிடமிருந்து பிடுங்கி முன்னவருக்குக் கொடுத்தால் இரண்டாவது அநியாயம். கொடுக்காவிட்டால் முதல் அநியாயம் அப்படியே நிற்கும். எங்கள் கருத்து: விலகியவரின் ‘வேண்டாம்’ அரசு தராத ஒரு தகவலின் மேல் நின்றது. கட்டணம் இல்லை என்று தெரிந்திருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அந்த மறுப்பை உரிமையைக் கைவிட்டதாகக் கொள்வது நியாயம் ஆகாது. அதே நேரம், பரிகாரம் இன்னொரு மாணவரின் இடத்திலிருந்து வரக்கூடாது. பின்சுற்றுகளில் காலியாகும் இடங்களிலும், திரும்பி வரும் இடங்களிலும் இவர்களுக்கே முதல் அழைப்பு என்று வைப்பதுதான் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும் வழி.

பின்னர் நடந்தவை

கட்டண முரண்பாடு 7.5 விழுக்காட்டோடு நிற்கவில்லை. அரசு நடத்தும் கல்லூரியே ஆனாலும் சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் சுயநிதிக் கல்லூரி அளவுக்குக் கட்டணம் இருந்தது. மாணவர்கள் வாரக்கணக்கில் போராடிய பின், 2021 ஜனவரியில் அது சுகாதாரத் துறையின்கீழ் கொண்டுவரப்பட்டு, மற்ற அரசுக் கல்லூரிகளுக்கு இணையான கட்டணத்துக்கு வழி பிறந்தது.

முதல் கலந்தாய்வின் பாடம் எடுபட்டது என்பதற்கு நல்ல சான்று 2021இல் கிடைத்தது. ஆட்சி மாறியிருந்தது. நீதிபதி டி. முருகேசன் ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி, பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு வழங்கும் மசோதா ஆகஸ்ட் 26 அன்று நிறைவேறியது. செப்டம்பர் 20 அன்று மாணவர்களுக்கு ஒதுக்கீட்டு ஆணை வழங்கிய விழாவிலேயே, கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசு ஏற்கும் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். முந்தைய ஆண்டு நான்காம் நாள் வந்த முடிவு இம்முறை ஆணையோடு சேர்ந்தே வந்தது.

7.5 விழுக்காட்டை எதிர்த்து வழக்குகளும் நடந்தன. 2022 ஏப்ரல் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி முனீஷ்வர் நாத் பண்டாரி, நீதிபதி பரத சக்கரவர்த்தி அமர்வு சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஐந்தாண்டுக்குள் மறு ஆய்வு செய்ய வேண்டும், அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்த வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. இந்த இரண்டாவது பகுதி போதிய அளவு பேசப்படவில்லை. நீதிமன்றம் ஒதுக்கீட்டை ஒரு தற்காலிகப் பாலமாகத்தான் பார்த்தது. பாலத்தின் அடுத்த கரையில் பள்ளி இருக்கிறது.

கோடு எங்கே போடப்பட்டது

கட்டணச் சிக்கல் தீர்ந்தது. கோட்டுச் சிக்கல் இன்னும் இருக்கிறது. 6 முதல் 12 வரை என்ற கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள் எல்லோரும் வசதியானவர்கள் இல்லை. தென் மாவட்டங்களில் பல ஊர்களில் அரசு மேல்நிலைப் பள்ளியே கிடையாது. இருப்பது உதவி பெறும் பள்ளிதான். அங்கே படிப்பவரும் அதே கூலி வேலைக்காரரின் பிள்ளை. அவர் விலக்கப்பட்டார். 6ஆம் வகுப்பை மட்டும் பக்கத்துச் சிறு மெட்ரிக் பள்ளியில் படித்துவிட்டு, பணம் கட்ட முடியாமல் 7இல் அரசுப் பள்ளிக்கு வந்தவரும் விலக்கப்பட்டார். எதிர்ப்பக்கம், அரசுப் பள்ளியில் படித்த அரசு ஊழியர் பிள்ளைக்கு வருமான வரம்பு இல்லாததால் முழுப் பயனும் உண்டு.

ஆனாலும் இந்தக் கோட்டுக்கு ஒரு பலம் இருக்கிறது. ஏழு ஆண்டுப் பள்ளிப் பதிவேட்டைப் பொய்யாக உண்டாக்குவது கடினம். வருமானச் சான்று அப்படி இல்லை என்பது வட்டாட்சியர் அலுவலகம் போய்வந்த எவருக்கும் தெரியும். எளிதில் ஏமாற்ற முடியாத அளவுகோல் சில நல்லவர்களை வெளியே நிறுத்தும். எல்லோரையும் உள்ளே விடும் அளவுகோல் வலுத்தவரை முன்னே விடும். இரண்டில் முதலாவதைத் தேர்ந்தது தொடக்கத்துக்குச் சரி. அதிலேயே நின்றுவிடுவது சரியில்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் இதே கோட்டோடுதான் தொடங்கியது. 2024 டிசம்பரில் அது உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. பதிவேடு அங்கும் அரசின் கண்காணிப்பில்தான் இருக்கிறது. அந்தக் கதவை இங்கும் திறக்கலாம்.

தகுதி குறைகிறது என்ற வாதத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒதுக்கீட்டில் வருபவரும் நீட் தகுதி மதிப்பெண் பெற்றவர். உள்ளே போனபின் எழுதும் தேர்வும், தேற வேண்டிய மதிப்பெண்ணும் எல்லோருக்கும் ஒன்று.

செய்முறையில் மாற வேண்டியவை

கட்டணம் யார் பொறுப்பு என்ற அரசாணை தரவரிசை வெளியாவதற்கு முன்பே வர வேண்டும். ஒதுக்கீட்டு ஆணையிலேயே ‘மாணவர் செலுத்த வேண்டிய தொகை: இல்லை’ என்று அச்சாக வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் காட்ட மாணவர் கையில் இருக்கும் ஒரே தாள் அதுதான். ஆய்வகக் கட்டணம், வைப்புத் தொகை, பேருந்துக் கட்டணம் என்று வேறு பெயர்களில் கேட்கும் இடத்தில்தான் சறுக்குவார்கள். எந்தெந்தத் தலைப்புகள் அரசின் கணக்கில் வரும் என்பதைத் தலைப்புவாரியாக எழுத வேண்டும். புகாருக்கு ஒரு தொலைபேசி எண்ணையும் அதே தாளில் போட வேண்டும்.

மறுப்பவரிடம் காரணத்தை எழுதி வாங்க வேண்டும். ‘பணம்’ என்று எழுதினால் அந்த இடத்தை 48 மணி நேரமாவது நிறுத்திவைத்து, உதவி மேசைக்கு அனுப்பிய பிறகே அடுத்த எண்ணுக்கு விட வேண்டும். இதனால் கலந்தாய்வு ஓரிரு நாள் நீளும். நீளட்டும்.

சான்றிதழ் வேலையைப் பள்ளியே ஜூனில் முடித்துவிடலாம். 6 முதல் 12 வரை இரண்டு மூன்று பள்ளிகளில் படித்தவர் ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் கையெழுத்து வாங்கி, கல்வி அலுவலரின் மேலொப்பத்துக்கும் அலைய வேண்டியிருக்கிறது. வகுப்புவாரியான படிப்பு விவரம் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும்போதே இந்தச் சான்றையும் கொடுத்துவிட்டால், நீட் முடிவு வந்த வாரத்தில் எந்தப் பெற்றோரும் கூலியை விட்டுவிட்டு மூன்று ஊருக்குப் பேருந்தேற வேண்டாம்.

கடைசியாக, கணக்கு. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முதலாண்டில் தேறியவர் எத்தனை, நின்றுவிட்டவர் எத்தனை, இடம் கிடைத்தும் எடுக்காதவர் எத்தனை, அதற்கு அவர்கள் எழுதிய காரணம் என்ன என்பதை ஆண்டுதோறும் மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். நீதிமன்றம் சொன்ன மறு ஆய்வுக்கு இந்தக் கணக்குத்தான் மேசையில் இருக்க வேண்டும். 2020இல் முதல் மூன்று நாட்களில் விலகியவர்கள் ஒவ்வொருவரும் பிறகு என்ன ஆனார்கள், மறுபடி நீட் எழுதினார்களா, வேறு படிப்புக்குப் போனார்களா, வேலைக்குப் போய்விட்டார்களா என்பது அந்தக் கணக்கின் முதல் பக்கமாக வர வேண்டும்.